ஃபூட் குடும்பம்: ஏற்காடும் விக்டோரியா கிராஸும்

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டை முதுமைக்கால இருப்பிடமாகக் கொண்டவர் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் (1834 - 1912). இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கான முதல் சான்றைப் பல்லாவரத்தில் கண்டெடுத்தவர். அவருடைய மகன் ஹென்றி புரூஸ் ஃபூட் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. பேரன் ஹென்றி ராபர்ட் போரெமன் ஃபூட் (1904 - 1993) இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் காட்டிய துணிவுக்காக பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்றவர். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், பைபிள் மொழிபெயர்ப்பாலும் பழமொழித் தொகுப்பாலும் தமிழ் வரலாற்றில் இடம்பெற்றவர்.

தாத்தா தொல்லியல் நூல்களிலும், பேரன் போர் வரலாற்று நூல்களிலும், மாமனார் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் தனித்தனியே பேசப்படுகின்றனர். மூவரும் ஒரே குடும்பத்தினர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றையும் விருதுக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

சேர்வராயன் மலை

சேலம் நகரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பது பெயர் விளக்கம். மலையின் உயரமான பகுதியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில் உள்ளது. குனிந்து நுழைய வேண்டிய சிறு குகையே கருவறை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் வணங்கப்படுகின்றனர். மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்கள் மே மாதத்தில் இங்கு திருவிழா எடுக்கின்றனர். 'மலையாளி' என்ற சொல் இங்கு மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்குகிறது. இவர்களின் தாய்மொழி தமிழ்.

இம்மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பழம்பாறையால் ஆனது. உச்சிப் பகுதிகளில் பாக்சைட் படிவுகள் உள்ளன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கு காபியைக் கொண்டுவந்து பயிரிடச் செய்தார். அதன்பின் ஐரோப்பியத் தோட்டக்காரர்களும், சமவெளியின் வெயிலைத் தாங்க இயலாத அதிகாரிகளும் பாதிரியார்களும் ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியேறத் தொடங்கினர். பெர்சிவல், ஃபூட் குடும்பங்களும் இவ்வாறு வந்தவையே.

ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தில் செல்டனம் நகரில் பிறந்தார். தம் 24-ஆவது வயதில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றுச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளைப் படிப்பதும், நிலவியல் வரைபடம் வரைவதும், கனிமங்கள் இருக்கும் இடங்களைக் குறிப்பதும் அவருடைய வேலை. 33 ஆண்டுகள் தென்னிந்தியாவைக் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சுற்றினார். சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து திருச்சி, சேலம், தென்னார்க்காடு, புதுக்கோட்டைப் பகுதிகளின் நிலவியலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1864-ல் வெளிவந்தது. சேர்வராயன் மலையும் அந்த ஆய்வுப் பரப்புக்குள் அடங்கும். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி 1883-ல் எழுதினார். கர்நாடகப் பகுதியின் தொன்மையான பாறைத் தொகுதிக்குத் 'தார்வார்' என்று பெயரிட்டவரும் அவரே.

அவர் புகழ் நிலைத்தது வேறொரு துறையில். 1859-ல் பிரான்சின் சொம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழமையானவை என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். மனிதனின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் மட்டுமே என்ற நம்பிக்கை அதனால் ஆட்டம் கண்டது. இந்திய மண்ணிலும் இத்தகைய கருவிகள் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் ஃபூட்டுக்கு இருந்தது.

1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படை முகாமின் அணிவகுப்புத் திடலருகே சரளை மண் வெட்டியெடுத்த பள்ளத்தில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு குவார்ட்சைட் கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவில் அவ்வாறு அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அதுவே. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஃபூட்டும் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கத்தில் பிற்காலத்தில் அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள தொன்மையான கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தனர். ஃபூட் தொடங்கிவைத்த தேடல் எவ்வளவு ஆழமானது என்பது அப்போது உலகுக்குத் தெரிந்தது.

கோடரியும் கோயிலும்

பழைய கற்காலக் கருவிகளோடு, புதிய கற்காலத்தின் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்கோடரிகளையும் ஃபூட் திரட்டினார். சேர்வராயன் மலையும் அவருக்கு அத்தகைய கருவிகளைக் கொடுத்த இடங்களுள் ஒன்று. சேலம், தருமபுரிப் பகுதி மலையூர்களில் இக்கற்கோடரிகள் பிள்ளையார் கோயில்களிலும் மரத்தடி மேடைகளிலும் வைத்து வணங்கப்பட்டு வந்தன. உழும்போதோ மழைநீர் அரித்த ஓடையிலோ கிடைத்த கல் சாதாரணக் கல்லல்ல என்பதை மலைமக்கள் உணர்ந்திருந்தனர். அதைத் தெய்வத்தின் முன் கொண்டுபோய் வைத்தனர்.

ஆகவே இக்கருவிகளை முதலில் அடையாளம் கண்டவர்கள் என்ற பெருமையில் மலைமக்களுக்கும் பங்குண்டு. எந்த ஊரில், எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துவைத்துக் காலவரிசையில் பொருத்தியது ஃபூட்டின் பங்கு. மலைமக்கள் காத்துவைத்திருக்காவிட்டால் கோயில்களில் இருந்த அக்கற்கள் ஆய்வாளர் கண்ணுக்கு எட்டியிரா.

மாமனார் பீட்டர் பெர்சிவல்

முதல் மனைவி இறந்தபின், 1874-ல் ஃபூட் எலிசா மெலிசா பெர்சிவலை மணந்தார். எலிசாவின் தந்தை பீட்டர் பெர்சிவல் (1803 - 1882). யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் என்று அறியப்பட்டவர்.

பெர்சிவல் 1826-ல் வெஸ்லியன் மிஷனரியாக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளியை வளர்த்தார். பின்னாளில் அது மத்திய கல்லூரி ஆயிற்று. அப்பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர் ஆறுமுக நாவலர். பெர்சிவல் பைபிளைத் தமிழாக்கியபோது நாவலர் துணைநின்றார். 1848-ல் அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து மகாலிங்கையரிடம் காட்டி நடை பற்றிய ஒப்புதல் பெற்றதை நாவலர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதே ஆண்டில் நாவலர் மிஷன் பணியை விட்டு விலகிச் சைவப் பணியில் இறங்கினார்.

பெர்சிவல் பின்னர் ஆங்கிலிகன் திருச்சபையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1855-ல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கினார். அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பில் சி.வை. தாமோதரம் பிள்ளை பணியாற்றினார். 6,000-க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பெர்சிவல் 1874-ல் வெளியிட்டார். மகளின் திருமணம் நடந்ததும் அதே ஆண்டில்தான். 1882 ஜூலை 11 அன்று ஏற்காட்டில் காலமானார்.

மாமனார் ஊர் ஊராகச் சொற்களைத் திரட்டினார், மருமகன் ஊர் ஊராகக் கற்களைத் திரட்டினார். இருவரும் திரட்டியவற்றை வரிசைப்படுத்தி, எண்ணிட்டு, அச்சிட்டு வைத்தனர். அதனால்தான் இன்றும் அவை பயன்படுகின்றன.

மகன் ஹென்றி புரூஸ் ஃபூட்

இக்குடும்பத்தில் படைத்துறைக்குச் சென்ற இருவருக்கும் ஹென்றி என்பதே முதற்பெயர். ஆகவே குழப்பம் நேராமல் பிரித்தறிய வேண்டும். ஹென்றி புரூஸ் ஃபூட் மகன், ஹென்றி ராபர்ட் போரெமன் ஃபூட் பேரன். மகன் ஹென்றி 1884-ல் ஏற்கெனவே பீரங்கிப் படையில் லெப்டினன்ட். ஆகவே அவர் 1874-ல் நடந்த இரண்டாம் திருமணத்தில் பிறந்தவராக இருக்க இயலாது. விக்டோரியா கிராஸ் பெற்ற பேரனுக்கும் பெர்சிவலுக்கும் குடும்ப உறவு உண்டு, இரத்த உறவு இல்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஆந்திராவின் கர்னூல் பகுதியில் பேதஞ்செர்லா அருகே பில்ல சுர்க்கம் என்ற சுண்ணாம்புக்கல் குகைகள் உள்ளன. அவற்றில் விலங்குகளின் எலும்புகள் புதைந்திருப்பதை நியூபோல்ட் என்ற அதிகாரி 1840-களிலேயே எழுதியிருந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி அக்குகைகளை ஆராய வேண்டும் என்று சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபுக்கு எடுத்துரைத்தார். அப்பணி ஃபூட்டிடம் வந்தது. அவரால் தொடர்ந்து அங்கே தங்க இயலாதபோது மகன் ஹென்றி அகழாய்வைப் பொறுப்பேற்று நடத்தினார்.

குகை அகழாய்வு எளிய வேலையன்று. வெளிச்சம் குறைவு. காற்றோட்டம் குறைவு. அடுக்கடுக்காகப் படிந்த மண்ணை அடி அடியாக அகற்ற வேண்டும். ஒவ்வொரு எலும்பும் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிவைக்க வேண்டும். பீரங்கிப் படையின் இளம் அதிகாரி ஒருவர் அதைப் பொறுமையாகச் செய்தார். அகழாய்வில் கிடைத்த விலங்கு எலும்புகளை ரிச்சர்ட் லிடெக்கர் ஆராய்ந்து வெளியிட்டார். நிலவியல் துறையின் இதழில் தந்தை ஃபூட் 1885-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அது ஹென்றி செய்த பணி என்று குறித்தார். உழைப்பு யாருடையதோ பெயரும் அவருடையதாக இருக்க வேண்டும் என்ற நேர்மை அதில் தெரிகிறது. ஆனால் அக்குகைகளில் கூடை சுமந்த கூலித் தொழிலாளர்களின் பெயர்கள் தலைப்பில் இல்லை. அக்கால ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை இது.

ஹென்றி புரூஸ் ஃபூட் பின்னர் லெப்டினன்ட் கர்னல் நிலைக்கு உயர்ந்தார். தந்தை அறிவியல் துறையில் அரசுப் பணியாளர், மகன் படையில் அரசுப் பணியாளர். குடும்பம் படைத்துறைக்குள் நுழைந்தது இந்தத் தலைமுறையில்தான்.

ஏற்காட்டில் இறுதிக் காலம்

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1891-ல் பணி ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக நிலவியல் பணி செய்தார். ஏற்காட்டையே இருப்பிடமாகக் கொண்டு, 40 ஆண்டுகளில் திரட்டிய ஆயிரக்கணக்கான கருவிகளையும் பானை ஓடுகளையும் வகைப்படுத்தினார். அத்தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-ல் விலைக்கு வாங்கியது. அதற்கான விரிவான அட்டவணையை அவரே எழுதினார். அது அச்சாகி வந்தது 1914-ல். காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-ல் வந்தன. இரண்டையும் அச்சில் காண அவர் இல்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது.

பேரன் ஹென்றி ராபர்ட் போரெமன் ஃபூட்

தொகுப்பு அருங்காட்சியகத்துக்குச் சென்ற அதே 1904-ஆம் ஆண்டு, டிசம்பர் 5 அன்று, ஹென்றி புரூஸ் ஃபூட்டின் மகன் வங்காளத்தின் இஷாப்பூரில் பிறந்தார். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூர், ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். தாத்தா இறந்தபோது பேரனுக்கு வயது 8.

பேரன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பள்ளியில் படித்து, 1925-ல் டாங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். டாங்கி அப்போது புதிய ஆயுதம். முதல் உலகப்போரின் நடுவில், 1916-ல்தான் அது முதன்முதலாகக் களத்தில் இறங்கியது. பீரங்கிப் படையினர் மகன் அதைவிடப் புதிய படைப்பிரிவைத் தேர்ந்தெடுத்தார்.

கசாலாப் போர்

1942 மே மாதத்தில் லிபியாவில் பிரிட்டிஷ் எட்டாவது படை, கடற்கரையோரக் கசாலாவிலிருந்து தெற்கே பீர் ஹக்கீம் வரை கண்ணிவெடி வயல்களை விரித்துக் காத்திருந்தது. ஜெர்மானியத் தளபதி ரோமெல் மே 26 அன்று தம் டாங்கிகளை அந்தக் கோட்டின் தென்முனையைச் சுற்றிக் கொண்டுவந்து பின்புறத்திலிருந்து தாக்கினார். ஏறத்தாழ 3 வாரங்கள் பாலைவனத்தில் கடும் போர் நடந்தது. நிழலுக்கு மரமோ மறைவுக்கு மேடோ இல்லாத வெளி அது. டாங்கியின் இரும்புக் கூட்டுக்குள் வெப்பமும், வெளியே புழுதியும் குண்டுகளும்.

ஃபூட் அப்போது 7-ஆவது அரச டாங்கிப் படைப்பிரிவின் தலைவர். தற்காலிக லெப்டினன்ட் கர்னல். வயது 37. மே 27 முதல் ஜூன் 15 வரையிலான நாட்களுக்காக அவருக்கு விருது வழங்கப்பட்டது. விருது அறிவிப்பு இரு நிகழ்ச்சிகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது.

முதலாவது ஜூன் 6 அன்று. எண்ணிக்கையில் மிகுந்த எதிரிப் படையைப் பீரங்கிக் குண்டு மழைக்கிடையே அவர் துரத்திச் சென்றார். அவருடைய டாங்கி அடிபட்டு நின்றது. வேறொரு டாங்கிக்கு மாறினார். கழுத்தில் காயம்பட்டிருந்தும், டாங்கியின் வெளிப்புறத்தில் அமர்ந்தபடியே படையை வழிநடத்தினார். அந்த டாங்கியும் செயலிழந்தபோது கீழே இறங்கி, நடந்தே ஒவ்வொரு டாங்கியாகச் சென்று வீரர்களை ஊக்கினார். இரண்டு பிரிட்டிஷ் டிவிஷன்களைச் சுற்றிவளைக்க எதிரி செய்த முயற்சி அன்று மாலைக்குள் முறியடிக்கப்பட்டது.

இரண்டாவது ஜூன் 13 அன்று. நைட்ஸ்பிரிட்ஜ் என்று பெயரிடப்பட்ட மேட்டுப் பகுதியிலிருந்து கார்ட்ஸ் பிரிகேட் பின்வாங்க வேண்டியிருந்தது. அதுவரை எதிரி டாங்கிகளைத் தடுத்து நிறுத்துவது ஃபூட்டின் பொறுப்பு. முதல் வரிசை டாங்கிகள் அழிந்தபின் மிஞ்சியவற்றை மீண்டும் அணிவகுக்கச் செய்தார். குண்டுவீச்சுக்கிடையே நடந்தே சென்று கட்டளை சொன்னார். பிறகு தம் டாங்கியை எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் துப்பாக்கிகள் அடிபட்டுப் பயனற்றுப் போயின. அவர் நகரவில்லை. பின்வாங்கும் வழி திறந்தே இருந்தது. கார்ட்ஸ் பிரிகேட் அதன் வழியே வெளியேறியது.

இரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாக இருப்பது, தலைவர் படையினரின் கண்ணெதிரே இருந்தார் என்பது. எதிரியின் எத்தனை டாங்கிகளை அவர் அழித்தார் என்ற கணக்கு விருதுக்கு அடிப்படையாகவில்லை. பிறர் தப்பிச் செல்லும் வழியைக் காத்ததே அடிப்படையாயிற்று.

அதே போரில் இந்தியப் படையினர்

கசாலாப் போரில் இந்தியப் படைகளும் பெரும் இழப்பைச் சந்தித்தன. மே 27 அதிகாலையில் பீர் ஹக்கீம் அருகே 3-ஆவது இந்திய மோட்டார் பிரிகேட், ரோமெலின் டாங்கிகளின் முதல் அடியைத் தாங்கிச் சிதறியது. 'கொப்பரை' என்று படையினர் பெயரிட்ட பகுதியில் ஜூன் 5, 6 தேதிகளில் நடந்த போரில் 10-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேட் அழிந்தது. ஜூன் 21 அன்று டோப்ரூக் வீழ்ந்தபோது சிறைப்பட்ட ஏறத்தாழ 33,000 பேரில் 11-ஆவது இந்தியப் பிரிகேடும் இருந்தது. ஒரு விருதின் வரலாற்றைச் சொல்லும்போது, விருது கிடைக்காமல் அதே மணலில் நின்றவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

விருதும் பிற்காலமும்

ஃபூட் போர்க்கைதியாகி இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1943-ல் இத்தாலி சரணடைந்தபின் தப்பினார். விக்டோரியா கிராஸ் அறிவிப்பு 1944 மே 18 அன்று அரசிதழில் வந்தது. போர் நடந்து ஏறத்தாழ 2 ஆண்டுகள் கழித்துத்தான். சிறப்பான சேவைக்கான டி.எஸ்.ஓ. விருதும் அவருக்குக் கிடைத்தது.

விக்டோரியா கிராஸ் 1856-ல் ஏற்படுத்தப்பட்ட வெண்கலச் சிலுவை. பொருள் மதிப்பு மிகக் குறைவு. எதிரியின் முன்னிலையில் காட்டிய துணிவுக்கு மட்டுமே உரியது. தளபதி முதல் சிப்பாய் வரை எந்த நிலையினரும் பெறலாம். இந்தியப் படையினருக்கு 1911-க்குப் பிறகே இவ்வுரிமை கிடைத்தது. சுதந்திர இந்தியாவில் இதற்கு இணையானது பரம் வீர் சக்கரம்.

ஃபூட் மேஜர் ஜெனரலாக உயர்ந்து 1958-ல் ஓய்வு பெற்றார். 1993 நவம்பரில், 88-ஆவது வயதில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் காலமானார். அவருடைய விக்டோரியா கிராஸ் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ளது.

குடும்ப மரபும் வீர விருதும்

வீர விருது பெற்றவரின் குடும்பத்தைத் தேடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் குடும்பம் விருதுக்குப் பின்னால் நிற்கும் விதம் ஒன்றுபோல் இருப்பதில்லை. வான்படையிலிருந்து இரு எடுத்துக்காட்டுகளை ஒப்பிட்டால் இது விளங்கும்.

விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்தில் நடத்திய வான்சண்டைக்காக வீர் சக்கரம் பெற்றார். அவருடைய தந்தை ஏர் மார்ஷல் சிம்மக்குட்டி வர்த்தமான், இந்திய விமானப் படையின் சோதனை விமானி. தாத்தாவும் விமானப் படையில் பணிபுரிந்தவர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பனமூரைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பம் அது. இங்கே தொழிலே மரபாக வந்தது. தாத்தா, தந்தை, மகன் மூவரும் ஒரே படையினர்.

வில்லியம் லீஃப் ராபின்சன் குடகு மலையில் பொல்லிபெட்டா அருகே ஒரு காபித் தோட்டத்தில் 1895-ல் பிறந்தவர். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர். 1916 செப்டம்பர் 2-3 நள்ளிரவில் லண்டனுக்கு வடக்கே ஜெர்மானிய வான்கப்பலைச் சுட்டு வீழ்த்தி விக்டோரியா கிராஸ் பெற்றார். பிரிட்டிஷ் மண்ணின் மேல் வீழ்த்தப்பட்ட முதல் ஜெர்மானிய வான்கப்பல் அது. அவருடைய தந்தை காபித் தோட்டக்காரர். குடும்பத்தில் விமானம் ஓட்டியவர் எவரும் அவருக்கு முன் இருந்திருக்க இயலாது. விமானமே அவர் பிறந்தபின் வந்தது. அண்ணன் ஹெரால்டு அதே ஆண்டு மெசபடோமியாவில் போரில் இறந்திருந்தார். இங்கே தொழில் மரபு இல்லை. ஒரு வீட்டின் இரு பிள்ளைகளைப் போர் எடுத்துக்கொண்ட கதைதான் உண்டு. வில்லியமும் 1918 டிசம்பர் 31 அன்று, 23-ஆவது வயதில், இன்ஃபுளூயன்சாக் காய்ச்சலால் இறந்தார்.

ஃபூட் குடும்பம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தந்தையிடமிருந்து படைத்தொழில் பேரனுக்கு வந்தது. தாத்தாவிடமிருந்து எது வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல ஆவணம் இல்லை. இரத்தத்தில் துணிவு ஓடியது என்று எழுதுவது வரலாறு ஆகாது. உறுதியாகக் காணக்கூடியது ஒன்றுண்டு. மூன்று தலைமுறையினரும் வேலை நடக்கும் இடத்துக்குத் தாமே சென்றவர்கள். தாத்தா பல்லாவரத்துப் பள்ளத்தில் தாமே இறங்கினார். மகன் குகைக்குள் தாமே தங்கித் தோண்டினார். பேரன் டாங்கியிலிருந்து இறங்கி நடந்தே போனார்.

இக்குடும்பத்தின் மூன்று தலைமுறை வாழ்வும் பிரிட்டிஷ் பேரரசின் பணிக்குள் அமைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நிலத்தை அளந்தது அரசு வருவாய்க்காகவும்தான். மகன் பணிபுரிந்த படை இந்தியாவை ஆண்ட அரசின் படை. ஆயினும் பல்லாவரத்துக் கல் தமிழகத்தின் தொன்மையை உலகுக்குக் காட்டியது. கசாலாவில் எதிரே நின்றது ஹிட்லரின் படை. இவ்விரு பக்கங்களையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

இன்று

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் திரட்டிய கற்கருவிகள் உள்ளன. பள்ளி மாணவர்கள் அவற்றைக் கடந்து செல்கின்றனர். ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஏரியையும் பகோடா முனையையும் சேர்வராயன் கோயிலையும் பார்த்துத் திரும்புகின்றனர். தூய திரித்துவ ஆலயத்திலுள்ள நினைவுச் சின்னத்துக்கு உரியவர் யார், அவர் மாமனாருக்கும் ஆறுமுக நாவலருக்கும் என்ன தொடர்பு, அவர் பேரன் எங்கே எதற்காக விருது பெற்றார் என்பதை விளக்கும் ஒரு தகவல் பலகை ஆலயத்தருகே இருந்தால், ஏரிக்கரையிலிருந்து சிறிது தூரம் நடந்து வருபவர்களுக்கு ஒரு வரலாற்றுப் பாடமே கிடைக்கும். அதில் மலையூர்க் கோயில்களில் கற்கோடரிகளைக் காத்துவைத்த மலைமக்களுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.